அண்டத்துக்கு எல்லை உண்டோ? – ஸ்ரீவிஷ்ணுபுராணமும் தத்வத்ரயமும் காட்டும் தெளிவு

கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள புதூரைச் சுற்றிக் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. கம்பும் சோளமும் பருத்தியும் எடுத்து முடிந்த பருவத்தில், மலையோ சோலையோ மறைக்காத அந்த வெளியில் நிற்பவனுக்கு வானமும் மண்ணும் நாற்புறமும் ஒரே வட்டமாகக் கூடுவதுபோலத் தோன்றும். தரையில் நிற்கும் ஒருவனுடைய கண்ணுக்கு அவ்வட்டம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் தொலைவில் அமைகிறது. அவன் நடந்தால் அதுவும் உடன் நகரும். நிலம் அங்கே முடியவில்லை. அவனுடைய பார்வைதான் அங்கே முடிகிறது.

அவ்வூரில் நித்யகர்மாநுஷ்டானம் உடைய பெரியவர் ஒருவர் ஸங்கல்பத்தில் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லும்போது ஜம்பூத்வீபத்தையும், பாரதவர்ஷத்தையும், மேருவின் தென்புறத்தையும் சொல்கிறார். அவர் வீட்டுப் பிள்ளை பூமி உருண்டை என்றும், அது ஸூர்யனைச் சுற்றுகிறது என்றும், ப்ரபஞ்சத்துக்கு முடிவு உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி என்றும் பள்ளியில் படிக்கிறது. ஒரே வீட்டில் இவ்விரண்டு பேச்சும் நிகழ்கின்றன. அண்டத்தின் வடிவம் எது, அதற்கு எல்லை உண்டா, இரண்டில் எது மெய் என்று அப்பிள்ளை கேட்டால் பெரியவர் என்ன விடை சொல்வார்? கேளாதே என்று வாயடைத்தால் பிள்ளைக்குச் சாஸ்த்ரத்தில் உள்ள விச்வாஸம் மெல்லக் குறையும். இரண்டும் ஒன்றே என்று அவசரமாகச் சமாதானம் சொன்னால், பிள்ளை வளர்ந்தபின் அச்சமாதானம் நில்லாது. ஆகையால் இவ்விஷயத்தில் நம் ஆசார்யர்கள் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதை முதலில் பிரித்து அறியவேண்டும்.

இதற்கு ஆதாரமான நூல்கள் இரண்டு. ஒன்று, ஆளவந்தார் தம் ஸ்தோத்ரத்தில் பராசர மஹர்ஷியை வணங்கிப் போற்றுவதற்குக் காரணமான ஸ்ரீவிஷ்ணுபுராணம். அதற்கு எங்களாழ்வான் விஷ்ணுசித்தீயம் என்னும் உரையை அருளினார். மற்றொன்று பிள்ளைலோகாசார்யர் அருளிய தத்வத்ரயம். அதற்கு வ்யாக்யானம் அருளிய மணவாளமாமுனிகள் 1370-ல் ஆழ்வார்திருநகரியில் அவதரித்து, தம் மாதாமஹருடைய ஊரான சிக்கில் கிடாரத்தில் வளர்ந்தவர். ஆழ்வார்திருநகரி புதூருக்குத் தெற்கே தாமிரபரணிக் கரையிலும், சிக்கில் கிடாரம் கிழக்கே வறண்ட ராமநாதபுரச் சீமையிலும் உள்ளன. அளவற்ற வெளியைப் பற்றிய இந்த விசாரம் இப்பகுதிக்குப் புதியது அன்று.

புராணம் சொல்லும் அளவு

ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் இரண்டாம் அம்சத்தில் பராசரர் மைத்ரேயருக்குப் புவனகோசத்தை விவரிக்கிறார். நடுவில் உள்ள ஜம்பூத்வீபத்தின் அகலம் ஒரு லக்ஷம் யோஜனை. அதைச் சூழ்ந்த உப்புக்கடலுக்கும் அதே அளவு. அடுத்தடுத்த த்வீபங்களும் அவற்றைச் சூழ்ந்த கடல்களும் இரட்டித்துக்கொண்டே போகின்றன. ஏழாவதான புஷ்கரத்வீபம் 64 லக்ஷம் யோஜனை ஆகிறது. அதற்கப்பால் பொன்னிலமும் லோகாலோக பர்வதமும் உள்ளன. அண்டத்தின் ஓடு உட்படப் பூமியின் மொத்த விஸ்தாரம் 50 கோடி யோஜனை என்று கணக்கு முடிகிறது.

இவ்வளவோடு நிறுத்தினால் அண்டம் அளவுபட்டது என்றே தேறும். ஆனால் மஹர்ஷி அங்கே நிறுத்தவில்லை. அதே அம்சத்தில் சற்றுப் பின்னர், விளாம்பழத்தின் விதையை அதன் ஓடு எப்புறமும் மூடியிருப்பதுபோல இவ்வுலகத்தை அண்டகடாஹம் மூடியிருக்கிறது என்கிறார். அதற்கு வெளியே நீர், தீ, காற்று, ஆகாசம், அஹங்காரம், மஹான் என்று ஒன்றைவிட ஒன்று பதின்மடங்கான ஆவரணங்களைச் சொல்கிறார். மஹானையும் சூழ்ந்திருப்பது ப்ரதானம் என்னும் மூலப்ரக்ருதி. அந்த ப்ரதானத்துக்கு வந்தவுடன் கணக்கு நின்றுவிடுகிறது. அதற்கு முடிவு இல்லை, எண்ணிக்கையும் இல்லை என்று மஹர்ஷி அறுதியிடுகிறார். அதனுள் இத்தகைய அண்டங்கள் ஆயிரமாயிரமாகவும், கோடி கோடியாகவும் உள்ளன என்று அடுத்துச் சொல்கிறார்.

ஆகவே எல்லை உண்டா என்ற கேள்வி புராணத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கார்யமான அண்டத்துக்கு எல்லை உண்டு. காரணமான ப்ரக்ருதிக்கு அத்தகைய எல்லை இல்லை. ஒரு குடத்துக்கு அளவு உண்டு. அந்தக் குடம் எடுக்கப்பட்ட மண்ணின் அளவு குடத்தின் அளவு ஆகாது. இப்பிரிவை மனத்தில் வையாமல் புராணம் உலகத்தைச் சிறியதாகச் சொல்கிறது என்று குறைகூறுபவரும், புராணம் உலகத்தை அநந்தம் என்கிறது என்று கொண்டாடுபவரும் பாதியையே படித்தவர்கள் ஆவர்.

வடிவம் பற்றிய உவமைகள்

தத்வத்ரயத்தின் அசித் ப்ரகரணத்தில் பிள்ளைலோகாசார்யர் இவ்விஷயத்தை ஒரே சூர்ணிகையில் அடக்குகிறார். அண்டங்கள் பல, ஒவ்வொன்றும் பதினான்கு லோகங்களை உடையது, ஒன்றுக்கொன்று பதின்மடங்கான ஏழு ஆவரணங்களால் சூழப்பட்டது, ஈச்வரனுக்கு விளையாட்டுப் பந்துபோல் ஆவது, நீர்க்குமிழிகள்போல் ஒரே காலத்தில் படைக்கப்பட்டது என்பன அதில் உள்ள செய்திகள். யோஜனைக் கணக்கு ஒன்றும் அதில் இல்லை. எது முமுக்ஷுவுக்கு இன்றியமையாததோ அதை மட்டும் ஆசார்யர் எடுத்தருளினார் என்பது இதனால் தெரிகிறது.

அண்டத்தின் வடிவத்துக்குச் சாஸ்த்ரத்தில் இவ்வாறு நான்கு ஒப்புமைகள் கிடைக்கின்றன. பெயரிலேயே உள்ள முட்டை ஒன்று. புராணத்தின் விளாம்பழம் ஒன்று. தத்வத்ரயத்தின் பந்தும் நீர்க்குமிழியும் மற்றை இரண்டு. இவை நான்கும் உருண்டை வடிவினவே ஆயினும், ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை உணர்த்த வந்தவை. முட்டைக்குள் உள்ள குஞ்சு ஓட்டுக்கு வெளியே உள்ளதை அறியாது. ஓடு உடையவேண்டிய காலமும் அதற்கு உண்டு. விளாம்பழத்தின் ஓடு விதையை ஒரு புறமும் விடாமல் மூடுகிறது. தானே வெளிப்பட வழியில்லாத ஜீவனுடைய நிலையை அது நினைப்பூட்டுகிறது. பந்து விளையாடுபவனுக்குப் பாரம் ஆவதில்லை. அத்தனை அண்டங்களும் எம்பெருமானுடைய ஸங்கல்பத்துக்குச் சுமையாகவில்லை. மழை பெய்யும்போது தேங்கிய நீரில் ஒரே கணத்தில் பல குமிழிகள் எழுந்து உடனே உடைவதைக் கரிசல்காட்டில் எவரும் கண்டிருப்பர். பல அண்டங்கள் ஒருங்கே தோன்றுவதையும், நிலையாமையையும் அக்குமிழி காட்டுகிறது.

உவமை எதற்காக வந்ததோ அந்த அம்சத்தில் மட்டும் கொள்ளத்தக்கது. தாமரைபோன்ற திருக்கண்கள் என்றால் சேற்றில் முளைத்தமை கொள்ளப்படாது. அதுபோலவே இவ்வொப்புமைகளை அளவுகோலாக்கி அண்டத்தின் விட்டத்தைக் கணிக்க முயல்வது உவமையின் எல்லையைக் கடப்பதாகும்.

எழும் ஆக்ஷேபங்கள்

இனி விரோதம் தோன்றும் இடங்களை மறைக்காமல் எடுத்துப் பார்க்கவேண்டும். புராணத்தில் பூமி மேருவை நடுவாகக் கொண்ட பரந்த தளமாக வர்ணிக்கப்படுகிறது. அதன் உச்சிக்கு மேலே த்ருவன். இன்று யாத்திரை செய்யும் ஸ்ரீவைஷ்ணவர் எவரும் தம் கண்ணாலேயே ஒன்றைச் சோதிக்கலாம். புதூரில் வடக்கு நோக்கி நின்றால் த்ருவ நக்ஷத்ரம் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 9 பாகை உயரத்தில்தான் தெரியும். கரிசல்காட்டின் மறைவற்ற வெளி இல்லாவிட்டால் அதைக் காண்பதே அரிது. திருவரங்கத்தில் அது 11 பாகை, திருமலையில் 14 பாகைக்குச் சற்றுக் குறைவு, திருவயோத்தியில் 27, வதரியாச்ரமத்தில் 31. திவ்யதேச யாத்திரை வடக்கே செல்லச் செல்ல, கடந்த தூரத்துக்கு ஏற்ப ஒரே விகிதத்தில் த்ருவன் உயர்ந்துகொண்டே வருகிறான். உருண்டையான பூமியில்தான் இது பொருந்தும்.

புராணத்தில் சந்த்ர மண்டலம் ஸூர்ய மண்டலத்துக்கு மேலே ஒரு லக்ஷம் யோஜனைக்கு அப்பால் சொல்லப்படுகிறது. ஆனால் 2010 ஜனவரி 15 அன்று தென்தமிழகத்தில் கங்கண ஸூர்ய கிரஹணம் நிகழ்ந்தபோது, சந்த்ரன் ஸூர்யனுக்கு முன்னே வந்து நின்று, ஸூர்யன் வளையமாகத் தெரிந்ததைத் தூத்துக்குடி வட்டாரத்தார் கண்டனர். முன்னே வந்து மறைப்பது அருகில் உள்ளதாகவே இருக்கவேண்டும்.

இவற்றைக் கொண்டு எழும் பக்ஷங்கள் மூன்று. அளவுகள் ஒவ்வாமையால் புராணமே ப்ரமாணம் அன்று என்பது முதலாவது. புராணம் சொன்னதால் கண்ணும் கணிதமும் பொய் என்பது இரண்டாவது. இன்றைய விஞ்ஞானிகள் சொல்வதெல்லாம் புராணத்தில் முன்பே உள்ளது என்பது மூன்றாவது. முதற்பக்ஷம் நாஸ்திகத்தில் முடிகிறது. இரண்டாம் பக்ஷம் காண்பதைக் காணவில்லை என்று சொல்லச் செய்கிறது. மூன்றாம் பக்ஷம் பக்தியின் வேஷத்தில் வருவதால் அதிக ஆபத்தானது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

ப்ரமாணங்களின் எல்லை

ஸ்ரீபாஷ்யகாரர் ப்ரத்யக்ஷத்துக்கும் சாஸ்த்ரத்துக்கும் விரோதம் இல்லை என்றும், இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அறிவிப்பன என்றும் நிலைநாட்டியருளினார். உலகில் காணும் பேதங்களைச் சாஸ்த்ரம் பொய்யாக்குகிறது என்ற வாதத்தை மறுக்கும் இடத்தில் எழுந்த தீர்ப்பு அது. ஆயினும் அதன் பயன் அவ்வாதத்தோடு முடிவதில்லை. கண்ணாலும் அநுமானத்தாலும் அறியக்கூடியதை அறிவிக்கச் சாஸ்த்ரம் வேண்டுவதில்லை. தீ சுடும் என்று எவரும் வேதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. எது வேறு எவ்வழியாலும் தெரியாதோ, அதில்தான் சாஸ்த்ரத்துக்கு முழு ஆட்சி. இவ்வுலகம் ஒரு சேதநனுடைய ஸங்கல்பத்தால் தோன்றியது, அவனுக்குச் சரீரமாக இருக்கிறது, அவனாலே ஒடுங்குகிறது என்பன தூரதர்சியாலும் கணிதத்தாலும் எட்டாதவை. பூமியின் விட்டமும் சந்த்ரனின் தூரமும் அவற்றுக்கு எட்டுபவை.

நம் முன்னோர் இவ்வேற்றுமையை வாழ்க்கையிலேயே கையாண்டனர். ஏகாதசியும் ஸங்க்ரமணமும் கிரஹணமும் கணிக்கும் ஜ்யோதிஷ ஸித்தாந்தங்கள் பூமியைக் கோளமாகவே கொள்கின்றன. ஆர்யபடர் 499-ல் பூமியைக் கோளம் என்றதோடு, அது தன்னைத்தானே சுற்றுவதையும் சொன்னார். அக்கணிதம் கொண்டே பஞ்சாங்கம் எழுதி, அப்பஞ்சாங்கம் கொண்டே ஏகாதசி உபவாஸம் இருந்து, அதே வாயால் ஜம்பூத்வீபத்தைச் சொல்லி ஸங்கல்பம் செய்தனர். ஸித்தாந்த நூலார் மேருவைப் பூமியின் வடதுருவத்தில் வைத்தனர். அவ்வாறு கொண்டால் புதூர்ப் பெரியவர் மேருவின் தென்புறத்தில் இருப்பதாகச் சொல்வதில் அணுவளவும் பிழை இல்லை.

புராணத்தின் யோஜனைக் கணக்கு மாம்ஸக் கண்ணுக்கு விஷயமல்லாத ஒன்றைச் சொல்வது என்று கொள்பவர் உளர். வேறு கல்பத்தின் அமைப்பு என்று கொள்பவரும் உளர். எவ்வாறு கொண்டாலும் தாத்பர்யம் மாறாது. 50 கோடி என்று ஓர் எண்ணைச் சொன்னதன் கருத்து, அண்டம் எண்ணுக்குள் அடங்கும் என்பதே. எத்தனை பெரிதாயினும் எண்ணுக்குள் அடங்கியது ஒருநாள் முடியும். முடிவதைப் புருஷார்த்தமாகக் கொள்வது விவேகம் அன்று. சதுர்முகனுடைய லோகம் வரையில் உள்ள பெரும்போகங்களும் இந்த ஓட்டுக்குள்ளே அடங்குபவை என்று காட்டி வைராக்யம் விளைப்பதே புவனகோச வர்ணனையின் பயன்.

இன்றைய வானநூல் நிற்கும் இடம்

வானநூலார் இக்கேள்வியில் எங்கே நிற்கின்றனர் என்பதையும் உள்ளபடி அறியவேண்டும். ஐன்ஸ்டைன் 1917-ல், அளவுபட்டதாயினும் விளிம்பில்லாத ப்ரபஞ்சம் ஒன்றைக் கணிதத்தால் காட்டினார். பந்தின்மேல் ஊரும் எறும்புக்குப் பந்தின் பரப்பு அளவுபட்டதே. ஆயினும் எத்தனை நாள் ஊர்ந்தாலும் ஓரம் என்று ஒன்று அதற்கு எதிர்ப்படாது. அதுபோன்றது அவர் கருத்து. ப்ரபஞ்சம் விரியக்கூடியது என்பதை ஃப்ரீட்மன் 1922-லும் லெமேத்ர் 1927-லும் கணிதத்தால் காட்ட, 1929-ல் ஹபிள் வெளியிட்ட அளவீடுகள் அதற்கு வலுச் சேர்த்தன. எத்திசையிலிருந்தும் வரும் மெல்லிய பின்புலக் கதிர்வீச்சு 1964-ல் கண்டறியப்பட்டது. 2009-ல் ஏவப்பட்ட ப்ளாங்க் விண்கலம் அக்கதிர்வீச்சை நுணுக்கமாக அளந்தது.

அவ்வளவீடுகளின்படி ப்ரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். காணக்கூடிய பகுதியின் ஆரம் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுகள். ஒளி வந்துகொண்டிருக்கும்போதே இடைவெளியும் விரிந்தமையால் இவ்வளவு வயதைவிடப் பெரிதாயிற்று. மிகப் பெரிய முக்கோணம் ஒன்றை வானில் வரைந்தால் அதன் கோணங்களின் கூட்டு 180 பாகை ஆகுமா, கூடுமா, குறையுமா என்பதே வடிவத்தைப் பற்றிய கேள்வி. இதுவரை அளந்ததில், அளவீட்டின் பிழைக்கு உட்பட்டு, 180 பாகையே கிடைக்கிறது. அதாவது வெளி வளைவற்றதாகத் தோன்றுகிறது.

இதனால் ப்ரபஞ்சம் அநந்தம் என்று தேறிவிட்டதா? தேறவில்லை. காரணம் இரண்டு. புதூர்க் கரிசல் சமதளமாகத் தோன்றினாலும் அது உருண்டையான பூமியின் ஒரு சிறு துண்டு; மிகப் பெரிய கோளத்தின் சிறு பகுதி தட்டையாகவே அளவில் வரும். மேலும், ஒரு தாளைச் சுருட்டிக் குழலாக்கினால் அதன்மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் மாறுவதில்லை. ஆயினும் அச்சுற்றுவழி ஓர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே வளைவின்மையும் அளவின்மையும் ஒன்றாகா. காணக்கூடிய பகுதியின் எல்லை கரிசல்வெளியில் தோன்றும் அடிவானம் போன்றது. அதற்கப்பால் என்ன என்பதை வானநூல் இன்று உறுதியாகச் சொல்வதில்லை. சொல்லாமல் நிற்பது அந்நூலுக்குக் குறை அன்று. தன் ப்ரமாணத்தின் எல்லையை அறிந்திருப்பது ஒரு சாஸ்த்ரத்துக்கு அழகு.

மூன்றாம் பக்ஷத்தின் ஆபத்து இப்போது விளங்கும். ப்ரபஞ்சங்கள் பல இருக்கலாம் என்று சில வானநூலார் ஊஹிப்பதைக் கேட்டவுடன், அவையே கோடிக்கணக்கான அண்டங்கள் என்று சிலர் எழுதுகின்றனர். அவ்வூஹம் கணிதத்திலிருந்து எழுந்தது, சோதனையால் நிலைபெறவில்லை. பராசரர் சொன்ன அண்டம் ஒவ்வொன்றிலும் சதுர்முகன் உண்டு, கர்மவச்யரான சேதநர் உண்டு, ஸ்ருஷ்டியும் ப்ரளயமும் உண்டு. பெயரளவில் உள்ள ஒற்றுமையைக் கொண்டு இரண்டையும் முடிச்சிட்டால், நாளை அவ்வூஹம் கைவிடப்படும்போது புராணமும் உடன் கைவிடப்பட்டதாக ஆகும். ஆப்தவாக்யத்தை மாறுகின்ற கொள்கையின் நிழலில் நிறுத்துவது அதற்குச் செய்யும் உபகாரம் அன்று.

ஒருபுறம் எல்லையுள்ள அளவின்மை

ப்ரக்ருதி மண்டலம் கீழும் பக்கங்களிலும் அளவற்றது, மேலே எல்லையுடையது. நித்யவிபூதி கீழே எல்லையுடையது, மேலே அளவற்றது என்பது ஸம்ப்ரதாய ஸித்தாந்தம். யதீந்த்ரமததீபிகையும் இதைச் சுருங்கச் சொல்கிறது. அளவற்றதற்கு எல்லை எவ்வாறு கூடும் என்று இங்கே ஐயம் எழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. ஆகவே ஒருபுறம் எல்லையும் மறுபுறம் அளவின்மையும் ஒரே பொருளில் கூடுவதில் முரண் இல்லை. மேல் என்பதையும் தலைக்கு மேலே என்று கொள்ளவேண்டியதில்லை. புதூரில் நிற்பவனுக்கும் வதரியில் நிற்பவனுக்கும் தலைக்கு மேல் உள்ள திசை வேறு. ஆவரணங்களை ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் கதியின் முடிவையே அச்சொல் குறிப்பதாகக் கொள்ளத்தகும்.

இவ்வெல்லை முமுக்ஷுவுக்கு எத்தகைய செய்தி என்பதை நோக்கவேண்டும். ஜீவனுக்கு ப்ரக்ருதி ஸம்பந்தம் அநாதி. தொடங்காத ஒன்று முடியுமோ என்று அவன் கலங்கலாம். தொடக்கம் உள்ளதற்கு முடிவு இல்லாமல் இருக்கக்கூடுமானால், தொடக்கம் இல்லாததற்கு முடிவு இருப்பதும் கூடும். காலத்தில் அநாதியான ஸம்ஸாரத்துக்கு எம்பெருமான் க்ருபையால் முடிவு உண்டு. தேசத்தில் பரந்த ப்ரக்ருதிக்கும் மேலே எல்லை உண்டு. பக்கவாட்டில் எத்தனை ஜன்மம் திரிந்தாலும் கரை காணமுடியாது. புண்யம் செய்து ஸ்வர்க்கத்துக்கும், அதற்கும் மேலான லோகங்களுக்கும் சென்றாலும் ஓட்டுக்குள் சுற்றுவதேயாகும். பிள்ளைலோகாசார்யர் அர்ச்சிராதியில் விவரித்தருளிய வழி ஒன்றே அண்டத்தைப் பிளந்து, ஆவரணங்களைக் கடந்து, விரஜைக்கரையில் சேர்ப்பது. அவ்வழியில் செல்பவனை நடத்துபவன் அவன் தானே அல்லன். எல்லை உண்டா என்ற கேள்விக்கு ஆசார்யர்கள் இத்தனை இடமளித்தது இதற்காகவே. உலகத்துக்கு எல்லை உண்டு என்பது ஸம்ஸாரிக்கு நற்செய்தி.

அநந்தம் என்னும் சொல்

ஒருவேளை வானநூலார் நாளை ப்ரபஞ்சம் அளவற்றது என்றே நிலைநாட்டினால், அநந்தன் என்ற திருநாமத்துக்கு உலகம் பங்குகொள்ளுமோ? கொள்ளாது. தைத்திரீயத்தில் ப்ரஹ்மத்தை அநந்தம் என்று சொல்வதற்கு நம் ஆசார்யர்கள் மூவகைப் பரிச்சேதமும் இல்லாமை என்று பொருள் அருளினர். இங்கே உண்டு அங்கே இல்லை என்பது தேசத்தால் வரும் எல்லை. முன்பு இருந்தது பின்பு இல்லை என்பது காலத்தால் வரும் எல்லை. இது வேறு அது வேறு என்று பிரித்து நிறுத்துவது வஸ்துவால் வரும் எல்லை.

அண்டத்துக்கு இம்மூன்று எல்லையும் உண்டு. மூலப்ரக்ருதி நித்யமாகையால் காலத்தால் எல்லை இல்லை. தேசத்திலும் மேற்புறம் தவிர எல்லை இல்லை. ஆயினும் அது அசித்து, சித்து அன்று என்ற வஸ்துபரிச்சேதத்தில் அகப்படுகிறது. காலம் எங்கும் பரந்தது, என்றும் உள்ளது, அதுவும் அசித்தே. ஜீவன் நித்யன், ஸ்வரூபத்தால் அணு. எம்பெருமான் ஒருவனே எல்லாப் பொருளையும் சரீரமாக உடையவனாகையால், எப்பொருளைச் சொல்லும் சொல்லும் அவனளவில் சென்று முடிகிறது. அவனை விலக்கி நிற்கும் வஸ்து இல்லை. ஆகவே ப்ரபஞ்சம் அளவற்றது என்று தேறினாலும் அதற்கு நீங்குவது தேசத்தால் வரும் எல்லை ஒன்றே. அளவுபட்டது என்று தேறினாலும் அவனுடைய வ்யாப்திக்கு அதனால் குறைவு ஒன்றும் இல்லை. திருவாய்மொழியின் முதல் திருவாய்மொழி பத்தாம் பாட்டில் நம்மாழ்வார், கடலின் ஒவ்வொரு நீர்த்துளியிலும் அவன் விரிந்த அண்டத்தில் இருப்பதுபோலவே நெருக்கமின்றி நிறைந்திருப்பதை அநுஸந்திக்கிறார். துளிக்கும் அண்டத்துக்கும் வேற்றுமை பாராத வ்யாப்திக்கு அண்டத்தின் அளவு ஒரு பொருட்டாகாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் கொண்டிருக்கும் வடபத்ரசாயி ப்ரளயத்தில் உலகனைத்தையும் திருவயிற்றில் வைத்து ஆலந்தளிரில் கண்வளர்பவன். அவ்வூர்ப் பெரியாழ்வார், பிள்ளையின் வாயில் யசோதைப்பிராட்டி ஏழுலகையும் கண்டதைத் தம் திருமொழியில் பாடினார். மடியில் அடங்கிய குழந்தைக்குள் உலகம். அவ்வுலகத்துக்குள் யசோதையின் மடி. உள்ளும் புறமும் என்ற அளவுகோல் அவனிடத்தில் செல்லாது என்பதை இதைவிட எளிதாகக் காட்டமுடியாது.

ஆழ்வார் அளந்த அளவு

இவ்விசாரம் முழுவதையும் நம்மாழ்வார் திருவாய்மொழியின் நிகமனத்துக்கு முந்தின பாசுரத்தில், அதாவது பத்தாம் பத்து, பத்தாம் திருவாய்மொழி, பத்தாம் பாட்டில் அடக்கியருளினார். பக்கங்களில் பரந்து, கீழே ஆழ்ந்து, மேலே உயர்ந்து, முடிவின்றி நிற்கும் ப்ரக்ருதி தத்வத்தை முதலில் எடுக்கிறார். அதனிலும் பெரிதாக ஆத்மதத்வத்தைச் சொல்கிறார். அணுவான ஆத்மா ப்ரக்ருதியைவிடப் பெரிதாவது, அசித்துக்கு இல்லாத ஞானத்தின் விரிவாலே. அதனிலும் பெரிதாக எம்பெருமானுடைய ஞான ஆனந்தங்களை அடுத்து அநுஸந்திக்கிறார். இத்தோடு தத்வத்ரயமும் முடிந்தது. இனிப் பெரிதென்று சொல்ல ஒன்றும் இல்லை என்று கேட்பவர் நினைக்கும் இடத்தில், இம்மூன்றிலும் பெரிது தம்முடைய அவா என்கிறார். அந்த அவாவையும் அவன் முழுதும் சூழ்ந்துகொண்டான் என்று தலைக்கட்டுகிறார்.

ப்ரக்ருதியின் பெருமை தேசத்தால் அளக்கப்படுவது. ஆத்மாவின் பெருமை ஞானத்தால் அறியப்படுவது. பகவத்விஷயத்தில் பிறந்த காதலின் பெருமைக்கு அவனே அளவு. உலகத்தின் எல்லையைத் தேடத் தொடங்கிய கேள்வி இவ்வாறு வேறோர் எல்லையில் வந்து நிற்கிறது.

ஆகையால் புதூர்ப் பெரியவர் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய விடை அரிது அன்று. பூமி எத்தகையது, நக்ஷத்ரங்கள் எத்தனை தூரம் என்பவற்றைக் கண்ணும் கணிதமும் கொண்டு நன்றாகப் படித்துக்கொள்ளச் சொல்லலாம். அண்டத்துக்கு எல்லை உண்டு, அதற்குக் காரணமானது அண்டங்களை எல்லாம் விழுங்கி நிற்கும் பரப்புடையது, அதற்கும் மேலே ஒரு கரை உண்டு, அக்கரையில் சேர்ப்பவன் ஒருவன் உண்டு என்பவற்றை ஆசார்யர்களிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லலாம். மாலையில் வடக்கு நோக்கி அழைத்துச் சென்று, கரிசல்காட்டின் ஓரத்தில் 9 பாகை உயரத்தில் மங்கலாகத் தெரியும் த்ருவனைக் காட்டுவாரானால், அதே பிள்ளைக்கு அளவு அறியும் கணிதமும், ஐந்து வயதில் தவம் செய்து அப்பதம் பெற்றவனுடைய சரித்ரமும் ஒருங்கே கிடைக்கும். ஒன்று மற்றொன்றைத் தள்ளவேண்டிய அவசியம் இல்லை.